ஒன்பதாம் அறையின் முகவரிகள்

படித்தவர்களைப் போல வம்புக்கு அலைகிறவர்கள் உலகத்தில் கிடையாது. ஊர்க்கதைக்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். கூடப் படித்தவனுக்கு எங்கே வேலை, என்ன சம்பளம் என்று தெரியாவிட்டால் மட்டும் சாப்பாடு இறங்காது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ஆண்டுக்கு நான்கு முறை ஒரு பத்திரிகை போடும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகிற முதல் பத்துப் பக்கத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். ‘எங்கே இருக்கிறார்கள்?’ என்று அதற்குத் தலைப்பு. பழைய மாணவர்களில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு இரட்டைக் குழந்தை, யார் எந்தத் தொழிற்சாலையில் மேலாளர், யார் போய்ச் சேர்ந்தார், எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் பக்கத்தைத் தயாரிப்பவள் துறை அலுவலகத்தின் தட்டச்சுக்காரி. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கெஜட். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகம். வருஷத்துக்கு ஒருமுறை துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை. ஒவ்வொரு பழைய மாணவருக்கும் அவளிடம் ஒரு அட்டை உண்டு. பெயர், வருஷம், முகவரி, எந்த ஆய்வறைச் சாவி வாங்கியிருந்தார் என்பது வரை அதில் குறித்திருப்பாள். இறந்தவர்களின் அட்டைகளைக் கிழித்துப்போட மனசு வராமல் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

துறைக்குப் பொன்விழா வந்தது. மறைந்தவர்கள் பட்டியல் வேண்டும் என்றார்கள். ஒரு மத்தியானம் பெட்டியைக் கவிழ்த்து அட்டைகளை வயதுவாரியாக அடுக்கினாள். ஐம்பது வயதுகூட ஆகாமல் போனவர்கள் பதினோரு பேர். அதில் எட்டு அட்டைகளில் ஒரே எண்: அறை ஒன்பது. என்ன நோய் என்று வீட்டார் எழுதிய கடிதங்களைத் தேடி எடுத்துப் படித்தாள். எட்டிலும் ரத்தம், ரத்தம், ரத்தம். அந்த எட்டு அட்டைகளையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏனென்றால் ஒன்பதாம் அறையில் பதினெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவர் அவள் கணவர். எட்டு மாதமாக வீட்டில் படுத்திருக்கிறார். எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டது என்றார் டாக்டர். மாதம் இரண்டு தடவை யாரோ ஒருவரின் ரத்தத்தை ஏற்றித்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டைகளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டியது தப்பு என்று பிறகு நூறு தடவை தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்துப் படித்தார். “இவன் மூணாவது மேஜை. தினமும் கடைசியாத்தான் போவான். இவன் குடுவையை உடைச்சிட்டு என் மேல பழி போடுவான், ராஸ்கல்.” சிரிக்கத்தான் பார்த்தார். ஐந்தாவது அட்டையில் சிரிப்பு நின்றது. “ஏம்மா, இவங்க எல்லாருக்கும் கை கழுவ ஊத்திக் குடுத்தது நான்தானே?”

அவளுக்கும் அது தெரியும். ஒன்பதாம் அறையில் காய்ச்சும் சரக்கு தார் மாதிரி விரலில் ஒட்டும். சோப்புக்கெல்லாம் மசியாது. பென்சீனில் கையை நனைத்தால் நிமிஷத்தில் போய்விடும். அதனால் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் எனாமல் பேசின் நிறையப் பென்சீனை ஊற்றி வைப்பார் அவர். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பிள்ளைகள் அழுக்குக் கையோடு வீட்டுக்குப் போக வேண்டாமே என்று அவராக ஆரம்பித்தது. ‘குடுவை அண்ணன்’ என்று அவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதே அதற்காகத்தான். பென்சீன் ஆகாது என்று புத்தகத்தில் வந்த பிறகும் ஆறு வருஷம் அந்தப் பேசின் அங்கே இருந்தது. புத்தகம் படிக்க வேண்டிய பேராசிரியர்களும் அதில்தான் கழுவினார்கள்!

“நீங்க என்ன தெரிஞ்சா ஊத்தினீங்க?” என்றாள்.

“தெரியாம ஊத்தினாலும் ஊத்தினது என் கைதானே. மொத்தம் எத்தனை பேர் இருந்தாங்க அங்க?”

“முப்பத்தொம்பது.”

“அப்போ முப்பத்தோரு பேர் இருக்காங்க. உன் பக்கத்துல ஒரே ஒரு வரி போடும்மா. ஒன்பதாம் அறையில இருந்தவங்க உடனே ரத்தத்தைப் பரிசோதனை பண்ணிக்கணும்னு. எனக்குத்தான் லேட்டாயிடுச்சு, ஆரம்பத்துலயே பார்த்திருந்தா வழி இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? வாலு எங்கயோ கடல் தாண்டி இருக்கா. அவளுக்கு மட்டுமாவது போய்ச் சேரணும்.”

வாலு என்பது அந்த அறைக்கு வந்த கடைசி மாணவி. குழந்தை இல்லாத இந்த இருவரையும் அண்ணா, அண்ணி என்று உரிமையோடு அழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து சட்டியை வழித்துவிட்டுப் போனவள். “போடறேன்” என்றாள் கெஜட். “சத்தியமா?” என்றார். “சத்தியமா” என்றாள்.

துறைத்தலைவர் சிவப்புப் பேனாவோடு மெய்ப்பைப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். “இது என்னம்மா?”

“ஒரு வரிதான் சார்.”

“வரியா இது? வெடிகுண்டு. அடுத்த மாசம் விழா. ஒன்பதாம் அறையை நடத்தின நம்ம பழைய புரொபசரை மேடையில உக்கார வச்சு அந்த அறைக்கு அவர் பேரையே வைக்கப் போறோம். இதைப் படிச்சிட்டு யார் வருவா? வக்கீலுங்கதான் வருவாங்க.”

“எட்டு பேர் செத்திருக்காங்க சார்.”

“நானும் அஞ்சு வருஷம் அந்தப் பேசின்லதான் கழுவினேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? பாருங்க!” இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். நீட்டியவர் தானே குனிந்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். இந்த மனுஷனுக்கும் உள்ளுக்குள் உதறல்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பயந்துபோனவனிடம் நியாயம் பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க நீட்டிப்புத் தாள் என் மேஜையிலதான் இருக்கு. வீட்டுக்காரருக்கு ரத்தம் ஏத்தறது உங்க மருத்துவச் சலுகையிலதானே? நான் கெட்டவன் இல்லம்மா. ஆனா ஒண்ணு, போனோ மொட்டைக் கடுதாசியோ, எப்படி வெளிய போனாலும் அது உங்ககிட்டருந்துதான் போயிருக்கும். முகவரி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.” சொல்லிவிட்டு அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

அச்சகத்தில் மெய்ப்பைக் கொடுக்கும்போது பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். எழுதினால் முப்பத்தோரு பேருக்கு ஒருவேளை பிழைக்க வழி. எழுதினால் அடுத்த மாதம் இவருக்கு ரத்தம் கிடையாது, அது ஒருவேளை இல்லை, நிச்சயம். அச்சகக்காரர், “ஏதாவது திருத்தம் இருக்காம்மா?” என்று கேட்டார். “இல்லை” என்றாள். அவளைக் குறை சொல்ல நினைப்பவர்கள் முதலில் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

இதழ் வந்தது. அதற்குள் அவர் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து எழுத்தெல்லாம் கலங்கலாகிவிட்டது. “படி” என்றார். கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு எல்லாவற்றையும் படித்துவிட்டு, கடைசியில் தாளில் இல்லாத அந்த வரியையும் படித்தாள். “இன்னொரு தடவை படி” என்றார். அட்சரம் பிசகாமல் மறுபடி சொன்னாள். அவளே அடித்த வரிதானே.

அதற்கப்புறம் தினமும் வீட்டுக்குள் காலை வைத்ததும் ஒரே கேள்விதான். “யாராவது எழுதினாங்களா?” முதல் வாரம் சமாளித்தாள். பிறகு பொய் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு காற்புள்ளி தவறினாலே பக்கத்தையே கிழித்துப்போட்டு மறுபடி அடிக்கிறவள், “ஜன்னலோரத்து ஆள் எழுதியிருக்கார், ஒண்ணுமில்லையாம்” என்றும், “மீசைக்காரருக்கு ரிசல்ட் வந்துடுச்சு, நல்லாருக்காராம்” என்றும் ஆளாளுக்குக் கதை கட்டினாள். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வரைக்கும் வந்தது. வாலுவைப் பற்றி மட்டும் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. “இன்னும் இல்லைங்க, தபால் ரொம்ப தூரத்துலருந்து வரணும்ல” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, அலுவலகத் தபாலில் வாலு இருந்த ஊரின் முத்திரையோடு ஓர் உறை வந்தது. வாலுவின் தங்கை எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டு நாலே வரி. அக்காவுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்த பதினேழாவது நாள் போய்விட்டாள். ரொம்ப நாளாகவே சோர்வு, வேலை அதிகம் என்று விட்டுவிட்டாளாம். உங்கள் பத்திரிகை என்றால் அவளுக்கு உயிர், போன இதழைக்கூட ஒரு வரி விடாமல் படித்தாள், உங்கள் இருவரையும் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள்.

கெஜட் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஐயோ, பாவி நான், பாவி நான் என்று அது ஒன்றுதான் வந்தது.

அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். “வாலு எழுதினாளா?”

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். “எழுதிட்டா. டெஸ்ட் எடுத்தாளாம். ஒரு குறையும் இல்லையாம். அண்ணா இன்னும் படுத்துக்கிட்டு சீன் போடறாரான்னு கேட்டிருக்கா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். படுத்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாயாடிக் கழுதை. பொழைச்சிட்டா” என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அப்போ திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்மா” என்றார்.

“என்னங்க பேசறீங்க?”

“நரம்பு கிடைக்காம ஒவ்வொரு தடவையும் கையைக் குதறி எடுக்கறாங்க. அவ பதில் வர்ற வரைக்கும் இருக்கணும்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையை நீட்டினேன். வந்துடுச்சு. போதும்.”

“அப்போ நான்? எனக்காக இருக்க மாட்டீங்களா?”

“உனக்காகன்னா இன்னும் ரெண்டு மாசம் இழுப்பேன். அவ்வளவுதானேம்மா? இவ்வளவு நிம்மதியா நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? கெடுத்துடாதே.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பையிலிருக்கும் கடிதத்தைப் படித்துக் காட்டினால் அந்த நிமிஷமே மனுஷன் உடைந்துபோவார். காட்டாவிட்டால் ஒரு மாதம் தாங்குவது கஷ்டம். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அதே கணக்குத்தான் வந்தது. அலுவலகத்தில் ஒன்பதாம் அறையின் அட்டைகள் இன்னும் முப்பது இருந்தன. அவருக்கு ஏறுகிற ரத்தம் நின்றுவிடுமே என்றுதானே இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்? இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. திங்கட்கிழமை போய் அந்த வரியை அவள் முப்பது முகவரிக்கும் தாராளமாக அடித்து அனுப்பலாம்.