கடலை மூட்டைக்கு ஒதுங்க இடம்

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இந்த ஆறு சொல்லையும் வைத்துக் கேட்கவும் பதில் சொல்லவும் ஒன்றாம் வகுப்பைப் பழக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். 1961 ஐப்பசியில் நான் பழக்கினேன். ஆனால் பதில் சொல்ல மட்டும்தான். எங்கள் ஊரில் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு வாத்தியார் பிழைக்க முடியாது.

ஆலங்குடிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் சர்க்கார் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை உண்டு, சிமெண்டுத் தரை உண்டு, கதவுக்குப் பூட்டும் உண்டு. சாவி பஞ்சாயத்து பிரசிடெண்ட் சோலையப்பன் இடுப்பில். உள்ளே அவருடைய நிலக்கடலை மூட்டைகள் படித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் எதிரே புளியமரத்தடியில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

நான் ஆத்மநாதன், மூன்று வருஷமாகத் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதினால் வேலை நிரந்தரமாகும். பிரசிடெண்ட் மனது வைத்தால் இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதுவார். எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஆகவே வாயைத் திறப்பதில்லை.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்ததும் சோலையப்பன் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒரு நாள் கூத்துத்தானே வாத்தியாரே. மூட்டையெல்லாம் வண்டியில ஏத்தி அங்கிட்டுத் தோப்புக்குள்ள நிப்பாட்டிருவோம். அந்தாளு பஸ் ஏறுனதும் திரும்ப எறக்கிருவோம். பிள்ளைக வாய மட்டும் நீங்க பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். பத்து நாள் மரத்தடியில் பாடம் நடந்தது. "எங்கே படிக்கிறாய்?" என்று நான் கேட்பேன். காக்கை எச்சத்தைத் துடைத்துக்கொண்டே, "கட்டடத்தில் படிக்கிறேன் ஐயா!" என்று முப்பது பிள்ளைகளும் கத்தும். "ஏன் படிக்கிறாய்?" "அறிவு வளரப் படிக்கிறேன் ஐயா!" வளரட்டும், வளரட்டும் என்று நானும் தலையாட்டுவேன்.

அந்த நாளும் வந்தது. பிள்ளைகள் முதல் முறையாக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சிமெண்டுத் தரையைக் கையால் தடவிப் பார்த்தார்கள். மூலையில் சிந்திக் கிடந்த கடலையைக் காத்தாயி என்ற சிறுமி பொறுக்கித் தின்றுவிட்டாள். சாட்சி ஒழிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் டாண் டாணென்று பதில் சொன்னார்கள். அத்தோடு விட்டாரா மனுஷன்?

"பதில் சொன்னாப் போதுமா? எங்கே, என்னை யாராவது ஒரு கேள்வி கேளுங்க பாப்போம்."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் கூரையைப் பார்த்தேன். வாசலில் நின்ற சோலையப்பனோ வடகிழக்கே திரண்ட மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எழுந்தாள் செவந்தி. அவருடைய கடைசி மகள், ஆறு வயசு.

"ஐயா, நீங்க எப்ப போவீங்க?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஏம்மா, நான் வந்தது ஒனக்குப் பிடிக்கலையா?"

"அதில்லீங்க. மழை வருது. நீங்க போனாத்தான் எங்கப்பா கடலை மூட்டைய இங்க கொண்டாந்து வைப்பாரு. நனைஞ்சா மொளச்சிருமாம்."

சோலையப்பன் முகம் சுருங்கியது. இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். என் வேலை தொலைந்தது என்று தெரிந்தது. ஆனாலும் பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் போனாலும் பிள்ளைகளுக்குக் கூரை மிஞ்சுமே!

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அடடா, முன்னாலயே சொல்லக் கூடாதா பிரசிடெண்ட்? வெளஞ்ச பொருள் வீணாப் போகலாமா? வாத்தியார், பிள்ளைகள வெளிய அனுப்புங்க. வண்டி வர வழி வேணும்ல."

நின்றபடியே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'பிள்ளைகள் தைரியமாகக் கேள்வி கேட்கிறார்கள். ஆசிரியர் திறமைசாலி.' சோலையப்பனே கூடப் போய் அவரை பஸ் ஏற்றிவிட்டார். இன்ஸ்பெக்டர் மடியில் ஒரு பை கடலை இருந்தது.

வண்டிகள் வாசலுக்கு வந்தபோது பெரிய தூறலாக விழ ஆரம்பித்தது. ஆட்கள் ஓட்டமும் நடையுமாக மூட்டைகளை உள்ளே கடத்தினார்கள். பிள்ளைகள் மழையில் நின்றார்கள். ஒவ்வொன்றாக வீட்டுக்கு விரட்டினேன். காத்தாயி மட்டும் நகரவில்லை.

"சார், கடலை நனைஞ்சா மொளச்சிரும். நாங்க நனைஞ்சா?"

பத்து நாளாகப் பதில் பழக்கியவன் நான். வெட்கத்தில் கோபம்தான் வந்தது.

"சிலேட்டத் தலையில வச்சுக்கிட்டு ஓடு, போ!" என்று அதட்டினேன்.

ஓடினாள். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.