சிறுபாலத் துறை

நான் அமைச்சராகப் பதவியேற்ற காலையில் அப்பா என் சட்டைப் பைக்குள் போனார். எங்கள் குடும்பத்தில் அதுதான் முறை. வெள்ளைச் சட்டை மெல்லியது. அவர் முகம் வெளியே தெரியும். அப்பாவின் பைக்குள் தாத்தா ஏற்கெனவே இருந்தார். மூன்று பேருக்கும் ஒரே துறை. சிறுபாலங்கள்.

முதல் மனுவைக் கொண்டுவந்தவர் பேச்சித்தாய். ஊர் கருங்கால்பட்டி. வயது எழுபது இருக்கும்.

“என் வீட்டுக்காரரு ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்காருய்யா. ஒரு பாலம் வேணும்.”

“எவ்வளவு நாளாக?”

“உங்க தாத்தா மந்திரியா இருக்கையில தீப்பெட்டி வாங்கப் போனாரு. தண்ணி வந்துட்டு.”

“சாப்பாடு?”

“இட்லிய எறிஞ்சிருவேன். ரசந்தான் தோதுப்படல.”

ஜன்னலைத் திறந்தேன். அலுவலகத்தை ஒட்டியே ஓடை போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒருவர் நின்றார். கையசைத்தார். நானும் அசைத்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா தாத்தாவிடம் கேட்டார்.

“ஆவன செய்யப்படும்னு எழுதிக் குடு” என்றார் தாத்தா.

“அது ரெண்டு இருக்குய்யா” என்று பேச்சித்தாய் இரண்டு கடிதங்களை மேசையில் வைத்தார். ஒன்றில் தாத்தாவின் கையெழுத்து. மற்றதில் அப்பாவுடையது.

செயலாளர் ஞானசிகாமணியைக் கூப்பிட்டேன்.

“பாலத்துக்கு ஒப்புதல் கொடுத்தால் என்ன ஆகும்?”

“தெரியலீங்கய்யா. இந்தத் துறையில வழக்கமில்ல.”

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. பேனாவைத் திறந்தேன். பை நெஞ்சில் இடித்தது.

“ஏலே, மூணு தலைமுறையா இந்தப் பொம்பள நம்மகிட்டதான் வாரா” என்றார் அப்பா. “பாலம் வந்துட்டா எதுக்குல வருவா?”

கையெழுத்துப் போட்டேன். மை காய்வதற்குள் பாலம் வந்துவிட்டது. நாற்பதடி. ஜன்னலில் தொடங்கி அந்தக் கரையில் முடிந்தது.

எதிர்க்கரையில் நின்றவர் நடந்து வந்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. பேச்சித்தாயை வெகுநேரம் பார்த்தார்.

“தூரத்துல ஒண்ணும் தெரியல, பேச்சி.”

“தெரியாதுல்ல.”

“இம்புட்டு நாளும் நீயா எறிஞ்ச?”

“வேற யாரு எறிவா?”

“கை வலிக்காதா?”

“வலிக்கும்.”

“காட்டு.”

பேச்சித்தாய் கையை முந்தானைக்குள் மறைத்தார். பிறகு நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்பா பையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

“தள்ளிக்கோல, மறைக்குது” என்றார் தாத்தா.