அரைச் சுற்று

என் கணவர் யசுஜி ஆயுசில் பாதியை மலை ரயில் ஓட்டியே கழித்தவர். ரயிலைவிட்டு அவர் இறங்கிவிட்டார்; அவருடைய விரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. ரயிலில் எதைப் பார்த்தாலும் சுட்டுவிரலை நீட்டி, "சிக்னல், சரி!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் ஏமாந்தாலும் விரலும் வாயும் கூடச் சேர்ந்தால் ஏமாறாது என்பது ரயில் ஓட்டுகிறவர்களின் வேதம். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்தால் "அடுப்பு, சரி!", கதவைச் சாத்தினால் "கதவு, சரி!" புது வருஷத்துக்குக் கோயிலுக்குப் போனபோது, கும்பிட்டு முடித்த கையோடு சாமியைப் பார்த்தும் விரலை நீட்டிவிட்டார். நான்தான் பிடித்து இறக்கினேன்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வயல். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களில் அதுதான் உச்சிப்படி. ஓடைத் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, நிறைந்து, வரப்பு வாய் வழியாக அடுத்த படிக்குப் போகும். மேல் வயலில் சேறடித்துத் தரையை இறுக்கியிருந்தால்தான் தண்ணீர் நிற்கும். இல்லையென்றால் வெடிப்பு வழியே உள்ளே இறங்கி, கீழே இருக்கிற வரப்பையெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடும். அங்கே ஏறுகிற பாதையோ ஆள் ஒதுங்க இடமில்லாதது. ஊரிலிருக்கும் பெரிய டிராக்டர்களில் எதுவும் ஏறாது. எங்கள் குட்டி டிராக்டர் ஒன்றுதான் ஏறும். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், போன அறுவடை முடிந்த கையோடு படுத்துவிட்டது.

குளிர்காலத்தில் கூரை விளிம்புவரை பனி. வேறு வேலை கிடையாது. எஞ்சினைக் கழற்றி வீட்டு முன்கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்துப் பரப்பினார். பிஸ்டன் வளையம் புதிது, பேரிங் புதிது, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். கால் வைக்க இடமில்லாமல் நான் நாரை மாதிரி நடந்தேன். "இங்க பாரு ஃபுசாயே, ரெண்டு பிஸ்டனும் சேர்ந்து ஏறாது. ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழ" என்று ஒரு நாள் ஆசையாகச் சுற்றிக் காட்டினார். "நம்ம ரெண்டு பேர் மாதிரியா?" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பனி உருகியதும் எஞ்சினை ஏற்றி முடுக்கினார். ஓடியது. ஆனால் அதை ஓட்டம் என்று சொல்ல வாய் வராது. ஒரு காலை இழுத்து நடக்கிற ஆள்மாதிரி, தொம் என்று ஒரு அடி, தக் என்று ஒரு நொண்டல். டிராக்டர் முழுக்க உதறியது. வெள்ளைப் புகை. மேல்மூடிக்குள்ளே யாரோ கரண்டியால் தட்டுவது போல ஓயாத சத்தம். "புதுச் சாமான், பழகிரும்" என்றார். பழகவில்லை. டீசல் குழாயில் காற்றை எடுத்தார்; நாஸிலை மாற்றினார். டிராக்டர் பழுது பார்க்கும் கடைக்காரரோ நடவு முடிந்து கொண்டுவரச் சொன்னார். நடவுக்குத்தானே ஐயா டிராக்டர்!

சாயங்காலம் தோறும் மேல்மூடியைத் திறந்து வால்வு இடைவெளியைப் பார்ப்பார். எஞ்சினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைத் திருப்பி, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறியை நேராக நிறுத்தி, அளவுத் தகட்டை ஒவ்வொரு வால்விலும் செருகி, விரலை நீட்டுவார். "குறி, சரி! முதல் சிலிண்டர் உள்வால்வு, சரி! வெளிவால்வு, சரி! ரெண்டாவது சிலிண்டர் உள்வால்வு, சரி! வெளிவால்வு, சரி!" கணீரென்று குரல் வரும். பிறகு முடுக்குவார். தொம், தக். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அரிசி கழுவப் போய்விடுவேன்.

நீர் திறப்புக்கு முந்தின நாள், தண்ணீர் முறை பார்க்கும் இவாவோ வந்தார். அவர் வண்டியில் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் சுருள்சுருளாக இருந்தது.

"யசுஜி-சான், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உங்க வயல்ல சேறடிச்சாகணும். இல்லேன்னா ஓடையிலேர்ந்து ரெண்டாவது படிக்கு நேரா குழாய் போட்டுருவேன். கீழ இருக்கறவங்களும் பொழைக்கணுமில்ல?"

"ஒரு வருஷம் காஞ்சா தரை வெடிச்சிரும் இவாவோ-சான். அப்புறம் அதுல தண்ணி நிக்காது. காடாயிரும்."

"தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றார் இவாவோ. நல்ல மனுஷன். அதனால்தான் எங்கள் முகத்தைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

யசுஜி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வயல் அவர் அப்பா வெட்டியதோ தாத்தா வெட்டியதோ அல்ல. ரயிலை விட்டபின் அவர் தானாக வாங்கியது. "ஓட்டறதுக்கு இன்னும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லித்தான் வாங்கினார். அது போனால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நீர் திறப்பன்று எங்கள் ஊரில் பசையரிசியை வேகவைத்து, மலையில் பறித்த கசப்புத் தழையைச் சேர்த்து, உரலில் இடித்து மோச்சி செய்வோம். முதல் உருண்டை மடைவாய்க்கு. இந்த வருஷம் முறை எங்கள் வீட்டுக்கு. முற்றத்தில் உரல். ஒரு பக்கம் இவாவோ, மறுபக்கம் தபால் ஆபீஸ் தமாக்கி, ஆளுக்கொரு மரச்சம்மட்டி. நான் உரலடியில் மண்டிபோட்டு, ஈரக் கையால் மாவைத் திருப்பிப் போடுகிறவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என் வேலை. இரண்டு அடி விழும். பிறகு ஒரு இடைவெளி. அதற்குள் கையை விட்டு, புரட்டி, எடுத்துவிட வேண்டும்.

"அக்கா, விரலை எண்ணிக்கோ! குறைஞ்சா மோச்சிலதான் தேடணும்!" என்றாள் தமாக்கி.

"நீ ஒழுங்கா அடி. போன வருஷம் பாதி உரலைத்தான் இடிச்சே."

கொட்டகையில் யசுஜி கடைசித் தடவையாக எஞ்சினை முடுக்கினார். தொம், தக். எல்லோரும் கேட்காத மாதிரி இடித்துக்கொண்டிருந்தோம். தமாக்கி அடிக்கிறாள், இவாவோ அடிக்கிறார், என் கை உள்ளே. அப்போதுதான் கவனித்தேன். எஞ்சினும் அதையேதான் செய்கிறது! தொம், தக், பிறகு ஒரு இடைவெளி. தொம், தக், ஒரு இடைவெளி. நாங்கள் எல்லோரும் அந்த இடைவெளியைத்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நோய் அதிலில்லை. இரண்டாவது சம்மட்டியில்தான். அது உயரத் தூக்காமலே விழுகிற அடி.

என் கை உரலுக்குள்ளேயே நின்றுவிட்டது. தமாக்கியின் சம்மட்டி தலைக்கு மேலே தொங்கியது.

"அக்கா! பைத்தியமா ஒனக்கு? இப்ப சாக அடிச்சிருப்பேன்!"

"தமாக்கி, இவாவோ-சானோட சம்மட்டி உரலுக்குள்ள இருக்கும்போது உன்னுது எங்க இருக்கும்?"

"மேல. வேற எங்க இருக்கும்? ரெண்டும் ஒண்ணா இறங்குனா உரல் தெறிக்காதா?"

கையெல்லாம் பச்சை மாவோடு கொட்டகைக்கு ஓடினேன். யசுஜி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றிருந்தார்.

"ஏங்க, நாலு வால்வையும் எப்பப் பாக்கறீங்க?"

"குறியில நிறுத்தித்தான். தினம் நீ கேக்கறதுதானே."

"நாலையும் அதே குறியிலயா?"

"ஒரு குறிதானே இருக்கு ஃப்ளைவீல்ல? அதான் எல்லாத்தையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேனே. சரின்னு சொன்னா சரிதான்."

"முதல் பிஸ்டன் உச்சியில இருந்தா ரெண்டாவது அடியில கிடக்குன்னு நீங்கதானே காட்டினீங்க? அடியில கிடக்கறதை உச்சியில இருக்குன்னு நெனச்சு அளந்தா? நான் ரெண்டு சம்மட்டியையும் ஒரே நேரத்துல பாக்கறதில்லீங்க. வர்றதை மட்டும் பாப்பேன்."

அவர் எஞ்சின் பக்கம் திரும்பினார். மேல்மூடியைத் திறந்தார். குறியை நேராக நிறுத்தினார். இரண்டாவது சிலிண்டரின் உள்வால்வில் தகடு கச்சிதமாக நுழைந்தது. "சரி" என்றார் மெதுவாக, விரலை நீட்டாமல். பிறகு ஃப்ளைவீலை அரைச் சுற்றுத் திருப்பினார்.

தகட்டை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அது தானாக நழுவிக் கீழே விழுந்தது. வால்வுக்கு மேலே ஒரு தீக்குச்சி நுழைகிற அளவு இடைவெளி. இத்தனை நாள் அந்த வால்வு இறுக மூடியிருக்கும்போது அளக்காமல், அரைகுறையாகத் திறந்திருந்த நேரத்தில் அளந்து, "சரி, சரி" என்று சொல்லி, அதன் மூச்சைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார். கரண்டித் தட்டலும் அதுதான், புகையும் அதுதான். நாலில் மூன்று உண்மை. மீதி ஒன்று மட்டும் பொய். அதை எத்தனை முறை கேட்டாலும் அதே பொய்யை அதே குரலில் சொல்லியிருக்கும்.

அவர் குனிந்து தகட்டை எடுத்தார். திருகைச் சரியாக இறுக்கி, பூட்டு நட்டை முடுக்கி, மூடியை மாட்டினார். முற்றத்தில் இடிப்பது நின்றிருந்தது. எல்லோரும் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

முடுக்கினார்.

அதை எப்படிச் சொல்வது? தொம்-தொம். ஒரு மௌனம். தொம்-தொம். ஒரு மௌனம். உதறல் இல்லை, தட்டல் இல்லை, புகை மெலிந்து காணாமல் போயிற்று. அந்த மௌனத்தில் அந்த எஞ்சினை எதுவும் தள்ளவில்லை. நெருப்பு இல்லை, வெடி இல்லை. கனத்த சக்கரம் ஒன்று சுற்றுகிற நம்பிக்கை மட்டும் அதைத் தாங்கிக்கொண்டு போய் அடுத்த வெடியின் கையில் ஒப்படைக்கிறது. இத்தனை வருஷமாக நான் உரலுக்குள் கையை விட்டு எடுத்த இடைவெளி அது. சம்மட்டி வராது என்று நம்பித்தானே கையை விட்டேன்? இரும்புக்குள்ளேயும் யாரோ அதே இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்! என்னையறியாமல் மாவு ஒட்டிய கைகளைக் கூப்பினேன். பக்கத்தில் பார்த்தால், வாயாடி தமாக்கியும் வாயைத் திறக்காமல் நிற்கிறாள்.

"அக்கா," என்றாள் கடைசியில், கிசுகிசுப்பாக, "இது நம்மளை மாதிரியே இடிக்குது."

மத்தியானத்துக்கு முன்னாலேயே குட்டி டிராக்டர் உச்சிப்படியில் இருந்தது. இவாவோ மடையைத் திறந்தார். தண்ணீர் உள்ளே வர வர யசுஜி மூலைக்கு மூலை திரும்பித் திரும்பிச் சேறடித்தார். மலை எதிரொலித்ததில் இரண்டு டிராக்டர் ஓடுவதுபோல் கேட்டது. அடித்து முடித்ததும் இவாவோ தண்ணீர் மட்டத்தில் ஒரு குச்சியை நட்டார். வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தோம். மோச்சியைத் தின்றோம். யாரும் குச்சியைப் பார்க்காத மாதிரி எல்லோரும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவாவோ எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"எறங்கல" என்றார். "ஒரு நூல்கூட எறங்கல. அந்தக் குழாய் வேற வண்டிய அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. யாருக்காவது வேணுமா?"

யசுஜி டிராக்டரிலிருந்து இறங்கினார். முழங்கால்வரை சேறு. பழைய வேகத்தோடு விரல் நீண்டது. "வயல், சரி! தண்ணீர், சரி! எஞ்சின், சரி!" பிறகு அந்த விரல் திரும்பி என்மேல் வந்து நின்றது. "ஃபுசாயே, சரி!"

ஊரார் முன்னால் இப்படியா! தமாக்கி கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு முகமெல்லாம் சூடேறியது.

"ஒரு பக்கத்தைப் பாத்துட்டுச் சொல்லாதீங்க" என்றேன். "அரைச் சுத்து சுத்தி வந்து மறுபடி பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்த மனுஷர் உண்மையாகவே நடந்தார். சேற்றுக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, என்னைச் சுற்றி மறுபக்கம் வந்து நின்றார். விரல் நீட்டவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை, முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். பின்னால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, தொம்-தொம், ஒரு மௌனம்.

"சரி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி.