நாங்களே கேட்டுக்கொள்கிறோம்

மேலாளர் தாளை அவள் பக்கம் நகர்த்தி, மடிக்கிற பெண்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மத்தியானத்துக்குள் கிடைத்தால் நல்லது என்றார். அவள் படித்தாள். ‘மடிப்புப் பிரிவில் உள்ள நாற்காலிகள் எங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதால் அவற்றை அகற்றித் தருமாறு நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.’ ‘நாங்களே’ என்ற சொல்லைத் தாண்டி அவள் கண் நகரவில்லை.

அது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். மாடி மாடியாக நோயாளிகள் படுத்தெழுந்த விரிப்புகளும் அங்கிகளும் கீழ்த்தளத்துக்கு வந்து, வெந்து, காய்ந்து, மடிந்து திரும்ப மேலே போகும். மடிக்கிற பெண்களுக்கு உட்கார இடமே இல்லாமலிருந்த காலத்தில், ஒருநாள் காலை எல்லோரையும் ஈரத்தரையில் உட்காரவைத்து, மூன்று மணி நேரம் ஒரு விரிப்புகூட மேலே போகாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நாற்காலிகள் வந்தன. ‘தலைவி’ என்ற கேலிப்பெயரும் வந்தது. அப்புறம் சில வருஷங்கள் கழித்து நிர்வாகம் அவளையே மேற்பார்வையாளராக ஆக்கியபோது, நம்ம ஆள் ஒருத்தி மேலே இருந்தால் நல்லதுதானே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். புது இயந்திரம் வருகிறது, இடம் போதாது, மேலிடத்து உத்தரவு, தன் கையில் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். உத்தரவாகவே ஒட்டிவிடுங்களேன் என்று அவள் கேட்டதற்குச் சிரித்தார்.

“ஒட்டினா சண்டை வரும். நீங்க சொன்னா கேப்பாங்க. பிரச்சனை இல்லாம முடிச்சுக் குடுங்க, எல்லாருக்கும் நிம்மதி.”

பிறகு அவள் கணவனின் முதுகு இப்போது எப்படி இருக்கிறது, குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த இரண்டு அறை வீடு மேற்பார்வையாளர் வேலைக்கு உரியது என்பது இருவருக்கும் தெரியும். முதுகு அறுவைக்குப் பிறகு கணவன் வீட்டோடுதான். புருஷனைவிட்டு ஒரு பையோடு வந்த நாத்தனாரும் அதே வீட்டில்தான். அவளுக்கு இந்தக் கூடத்தில் வேலை வாங்கிக்கொடுத்ததும் இவள்தான்.

படியிறங்கும்போது அவள் ஒன்றை மட்டும் எதிர்பார்த்தாள். சண்டை. யாராவது ஒருத்தி தாளைப் பார்த்துவிட்டு, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டால் போதும். அதைச் சாக்காக வைத்து மேலே போய், முடியவில்லை சார் என்று சொல்லிவிடலாம். என்ன திட்டு கிடைக்கும் என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

யாரும் கேட்கவில்லை. இயந்திரங்களின் இரைச்சலில் பேச்சே காதில் விழாது. தாளை நீட்டினாள்; கையைத் தங்கள் மேலங்கியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்கள். ஒருத்தி எங்கே போட வேண்டும் என்று சைகையால் கேட்டாள். இருப்பவர்களில் மூத்தவள், காலில் நரம்பு சுருண்டு புடைத்தவள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாளைத் தொடைமேல் வைத்துப் போட்டாள். படிச்சுப் பாருங்க என்று இவள் காதருகே குனிந்து சொன்னதற்கு, “நீ குடுக்கிறதை நான் எதுக்குடி படிக்கணும்?” என்று சிரித்தாள்.

நாத்தனார் மட்டும் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும், உதடு அசைய. பிறகு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். இதோ, கேட்கப்போகிறாள் என்று இவளுக்குக் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே இருந்தது.

நாத்தனார் பேனாவைக் கையில் எடுத்தாள். இவள் அவள் காதருகே குனிந்தாள்.

“படிச்சல்ல? அப்புறமும் போடுறியா?”

“உங்க வீட்ல இருக்கேன் அண்ணி. போடாம நான் எங்க போவேன்?”

கோபமில்லை, குத்தலும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பெயரை எழுதி, தாளைத் திருப்பித் தந்து, அடுத்த விரிப்பின் முனையைத் தேட ஆரம்பித்தாள்.

ஒன்பது கையெழுத்தும் ஆகிவிட்டன. இரும்புப் படியில் பாதி ஏறியவள் நின்றுவிட்டாள். சற்றுமுன் மேலே மேலாளர் எதிரில் தான் நின்றதைப்போலத்தான் நாத்தனார் தன் எதிரில் நின்றாள். தன்னை வீட்டைக் காட்டி மடக்கினார்கள். தான் யாரையும் மடக்கவில்லை, ஒரு வார்த்தை மிரட்டவில்லை. அப்படியும் அது நடந்துவிட்டது. அன்று ஈரத்தரையில் உட்காரச் சொன்னபோதும் இவர்கள் இப்படித்தான் கேள்வி கேட்காமல் உட்கார்ந்தார்களோ?

இறங்கி வந்தாள். சுவரிலிருந்த பெரிய விசையைக் கீழே தள்ளினாள். உருளைகள் உடனே நிற்கவில்லை. உள்ளே இருந்த துணிகளை இரண்டு மூன்று சுற்று புரட்டிவிட்டு, முனகி, ஓய்ந்தன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தாளைப் பிரித்து, ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தாள். ‘நாங்களே’ என்ற இடத்தில் குரல் இடறியது. நிறுத்தாமல் முடித்தாள்.

மூத்தவள்தான் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

“சரி, இப்ப நாங்க என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்கு அவளிடம் சட்டென்று ஒரு பதில் இருந்திருக்கிறது.

“எனக்குத் தெரியல” என்றாள்.

மேலே மேலாளர் அறைக் கதவு திறந்தது. என்ன ஆச்சு, ஏன் நிறுத்தினீர்கள் என்று குரல் வந்தது. இரும்புப் படியில் செருப்புச் சத்தம் இறங்கத் தொடங்கியது. கூடத்தை எப்போதும் மூடியிருக்கும் நீராவி, இயந்திரங்கள் நின்றதும் கலைந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் கண்ணாடியில் திரண்டிருந்த நீர் கோடுகோடாக இறங்க, அந்த வெளிச்சத்தில் ஒன்பது முகங்களும், மறைக்க ஒன்றுமில்லாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.