ஒரு நாள் தலைமை ஆசிரியை

தொகுநாகா சாரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

என் தங்கை இபுகி பள்ளிக் கால்பந்துக் குழுவில் சேரப் போனபோது, பயிற்சியாளராக இருந்த அவர், "பொண்ணா? சரி, மேனேஜரா இருந்துக்கோ" என்றார். மேனேஜர் என்றால் பையன்களுக்குப் பார்லித் தேநீர் ஊற்றுவது, அவர்களுடைய வியர்வைப் பனியன்களை மைதானத்துக் குழாயடியில் துவைப்பது. பிப்ரவரித் தண்ணீரில் விரல் வெடித்து, வீட்டில் சாப்பாட்டுக் குச்சிகூடப் பிடிக்க முடியாது அவளால். நான்தான் ஊட்டிவிடுவேன். பந்தை ஒரு முறைகூடத் தொட விடவில்லை அந்த மனுஷன்.

அவள் பந்து பழகியது ஆற்றங்கரைப் பெண்கள் குழுவில். பிறகு காலையில் சூப்பர் மார்க்கெட்டில் மீன் அடுக்கி, மாலையில் லீக் ஆட்டம். போன கோடையில் தேசிய அணிக்காகக் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டாள் பாருங்கள், அதோடு ரயில் பெட்டியில் அவள் முகம், குளிர்பானப் பாட்டிலில் அவள் முகம். ஊர்ச் சிறுமிகள் எல்லாம் அவளைப் போலவே முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். பள்ளி மாடியிலிருந்து தரைவரை ஒரு பதாகை தொங்கியது: 'எங்கள் கால்பந்துக் குழு வளர்த்த வீராங்கனை'. தலைமை ஆசிரியராகிவிட்ட தொகுநாகா டிவிக்கு டிவி போய், "அவ கால் என் கையில வளர்ந்தது" என்று பீற்றிக்கொண்டார். 

அந்த ஆள்தான் அவளை 'ஒரு நாள் தலைமை ஆசிரியை'யாக இருக்கக் கூப்பிட்டார். நடிகைகளைத் தோளில் பதவிப் பெயர் எழுதிய துணிப் பட்டை மாட்டி ஒரு நாள் போலீஸ் அதிகாரியாக்கிப் படம் பிடிப்பார்களே, அந்தக் கூத்துதான். இவளும் சரி என்றுவிட்டாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? அந்தாளு பக்கத்துல நின்னு இளிக்கப் போறியா?"

"பட்டையில என்ன எழுதுவாங்கன்னு யோசிச்சியாக்கா?" என்றாள். அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதுவும் ஒரு பிப்ரவரிதான்; நானும் கூடப் போயிருந்தேன். கேமராக்கள் முன்னால் அவரே பட்டையை மாட்டிவிட்டார். "இன்னைக்கு இந்தப் பள்ளி உங்க கையில!"

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான்!"

இபுகி மைக்கை வாங்கினாள். "கால்பந்து ஆட ஆசைப்படுற பொண்ணுங்க எல்லாரும் மைதானத்துக்கு வாங்க. பசங்களா, பனியன அவங்ககிட்ட குடுத்துடுங்க. இன்னைக்கு மேனேஜர் நம்ம தொகுநாகா சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கேமரா இருந்ததால் அவரும் சிரித்தார். தேநீர்கூட ஊற்றினார். அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் சேற்றுப் பனியன் கூடையைக் குழாயடியில் வைத்தாள் இபுகி.

"விளையாட்டுக்குத்தானேம்மா…"

"பட்டை இன்னும் என் தோள்லதான் இருக்கு சார்."

டிவிக்காரன் ஒருவன், "சார்கிட்ட என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான்.

"துவைக்க. பனியன் கழுத்துல அழுக்கு போகலன்னா திரும்பத் துவைக்கணும். சார் சொல்லிக் குடுத்ததுதான். பந்த அவர் தொட விட்டதில்ல."

சிரிப்பு நின்றுபோனது. கேமரா அவர் கையைப் பார்த்துத் திரும்பியது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துவைத்தார். இபுகி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"திரும்ப."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். விரல்கள் சிவந்து, தொகுநாகா என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. கை மரத்துப்போச்சு."

நான் கிட்டே போனேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.