சுவரை இழுத்துக் காட்டு

டெக்சஸ் வீட்டை விற்றாயிற்று. இனி டுவைட்டும் லோர்னாவும் காலமெல்லாம், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் ட்ரெய்லர் வீட்டில்தான் குடித்தனம். கடையில் பார்த்த முதல் ட்ரெய்லரிலேயே டுவைட் மயங்கிவிட்டான். பொத்தானை அழுத்தினால் சோபாவோடு பக்கச் சுவர் வெளியே நீண்டு, உள்ளே கூடம் மாதிரி இடம்.

“ரோட்டுல ஓடுறப்ப இந்தச் சுவரை உள்ள இழுத்துடணும்ல? அப்ப பாத்ரூமுக்கு எப்படிப் போறது? இழுத்துக் காட்டுங்க,” என்றாள் லோர்னா விற்பனையாளனிடம்.

அவன் டுவைட்டைப் பார்த்துக் கேட்டான்: “மேடத்துக்குத் திரைச்சீலை கலர் பிடிச்சிருக்கா சார்?”

“அவ எதையாவது நோண்டிக்கிட்டேதான் இருப்பா,” என்று சிரித்தபடி டுவைட் ட்ரெய்லரின் பாத்ரூமைப் பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தானைத் தானே அழுத்தினாள். சுவர் உள்ளே நகர்ந்து வந்தது. சோபா பாத்ரூம் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

“ஏய் லோர்னா! கதவு தொறக்கல!”

அவள் விற்பனையாளனிடம் திரும்பினாள். “திரைச்சீலை கலர் நல்லாத்தான் இருக்கு. சாருக்குப் பாத்ரூம் பிடிச்சிருக்கான்னு கேளுங்க.”