மாப்பிள்ளைச் சொதியும் கொய்யா மரமும்

குற்றாலலிங்கம் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் மனுஷர்களிடம் பூர்வீகம் கேட்டவர், ஓய்வுக்குப் பிறகு கேட்க ஆள் கிடைக்காமல் செடிகளிடம் கேட்க ஆரம்பித்தார். பாளையங்கோட்டையில் அவர் வீட்டைச் சுற்றியிருந்த தோட்டம் வசமாக மாட்டிக்கொண்டது.

நாட்டுச் செடி வளர்ப்பது நல்ல காரியம்தான். அதிகம் தண்ணீர் கேட்காது, வண்ணத்துப்பூச்சி வரும், மருந்து அடிக்க வேண்டாம். இதையெல்லாம் ஏதோ கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்த மனுஷர், நாலு நொச்சியும் இரண்டு ஆவாரையும் நட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அவருக்கோ நடுவதைவிடப் பிடுங்குவதில்தான் ருசி. காகிதப்பூ பிரேசில்காரி என்று போயிற்று. பப்பாளி மெக்சிகோ என்று காயோடு சாய்ந்தது. முருங்கை இமயமலை அடிவாரத்து மரம் என்று தெரிந்தபோது மட்டும் ஒரு நாள் முழுக்க யோசித்தார். சாம்பார் ஞாபகம் வந்தது, இந்தியாவுக்குள்தானே என்று மன்னித்துவிட்டார். காபியைப் பற்றி அவர் யாரிடமும் பேச்செடுக்கவில்லை.

பிடுங்கிய இடத்திலெல்லாம் எருக்கும் ஆடாதொடையும் குப்பைமேனியும் தளதளவென்று வந்தன. கூரியர்காரர், வீட்டில் ஆளே இல்லை என்று இரண்டு தடவை திரும்பிப் போனார்.

மிச்சம் இருந்தது பின்பக்கத்துக் கொய்யா. அது அவர் மனைவி பிரேமலதாவின் மரம். குடிவந்த புதிதில் அவள் வைத்தது, உள்ளே சிவப்பாக இருக்கும் ரகம். மத்தியானம் எல்லா வேலையும் முடிந்தபின் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றே ஒரு காய் தின்பாள். அந்த வீட்டில் யாருக்கும் பரிமாறாமல் தனக்கென்று அவள் தின்கிற பண்டம் அது ஒன்றுதான். அதையும் வெட்டப்போகிறார் என்றதும் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“அது தென்னமெரிக்கா மரம் பிரேமா. மக கல்யாணம் முடிஞ்ச கையோட வெட்டச் சொல்லிருக்கேன். அந்த எடத்துல புள்ளையும் மாப்பிள்ளையும் சேந்து ஒரு மருத மரம் வைக்கட்டும்.”

“மருத மரம் ஆத்தங்கரையில நிக்க மரம்லா. நம்ம காம்பவுண்டுச் சொவரு தாங்குமா?”

“சொவரு கெடக்கு. சிமெண்டு என்ன நம்ம பூர்வீகமா?”

அவள் கெஞ்சிப் பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அவள் பேசாமல் இருந்ததையே அவர் கவனிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சொதி ஞாபகம் வந்தது.

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுகிற சொதிச் சாப்பாடு லேசுப்பட்ட விஷயமில்லை. கல்யாணத்தில் குறை வந்தால்கூட மறந்துபோவார்கள். சொதியில் குறை வந்தால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள். தேங்காய்ப்பாலில் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் வெந்திருக்க வேண்டும், பச்சை மிளகாய் மணக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து, சொதி நாள் விடிந்ததும் பிரேமலதா சமையல்கட்டுக்குப் போய், சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளையிடம் பைய சொன்னாள்.

“அண்ணாச்சி, உருளைக்கெழங்கு, காரட்டு, பீன்ஸு, பச்ச மொளகா எதையும் சேக்காதீக. எல்லாம் வெளிநாடு. சேனைக்கெழங்கு போடுங்க. ஒறப்புக்கு நம்மூரு நல்லமொளகு போதும்.”

தவசிப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “சொதியிலயா? சேனையா? எம் பேரு கெட்டுப்போகும்மா.”

“ஒங்க பேரு கெடாது. இது அவுக உத்தரவு.”

அவள் கணக்கு இதுதான். சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள், மனுஷர் சபை நடுவில் அவமானப்படுவார், அதோடு பூர்வீகப் பித்து இறங்கும், மரம் பிழைக்கும்.

பந்தி உட்கார்ந்தது. சொதி விழுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் சம்பந்தி ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேனை சரியாக வேகவில்லை. வரிசை முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டது. குற்றாலலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

“உருளைக்கெழங்கு எங்க பிரேமா?” என்றார் அடிக்குரலில்.

“தென்னமெரிக்காவுக்குப் போயிட்டு. நீங்கதான அனுப்புனீக” என்றாள் அவள், கடைசி இலைக்கும் கேட்கிற மாதிரி.

வேறு வழியில்லாமல் அவர் எழுந்து, இது நாட்டுக் காய்கறி மட்டும் போட்ட சொதி என்று விளக்கினார். சம்பந்திக்கு ஒரு பயம். பணக்கார வீடுகளில் இப்போது பாரம்பரியச் சாப்பாடுதான் மதிப்பு என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தெரியாதவன் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே.

“அதான பாத்தேன்” என்றார். “எங்க பாட்டையா காலத்துச் சொதி இதே ருசிதான் அண்ணாச்சி.”

அவ்வளவுதான். சித்தப்பா ஒருவர் ஆமாம் என்றார், அத்தை ஒருத்தி மருந்து மாதிரி இருக்கிறது என்றாள், யாரோ போட்டோ எடுத்தார்கள். மறுசொதி மட்டும் யாரும் கேட்கவில்லை. குற்றாலலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாளைக் காலையில் கொய்யா வெட்டு, பிறகு மருத மரம் நடவு என்று அறிவித்தார். எல்லோரும் எச்சில் கையோடு தலையாட்டினார்கள். பிரேமலதா சொதி வாளியும் கையுமாக நின்றாள். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகை வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் ஆள் இல்லாததைப் பார்த்தார்கள். கை கழுவப் போன மணிராஜ் திரும்பி வரவில்லை. புது மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று வீடே பதறியது. முன்வாசலில் செருப்பு இருந்தது. பிரேமலதா பின்பக்கம் ஓடினாள்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை கொய்யா மரத்தடியில் நின்றார். இரண்டு கையிலும் கொய்யா, வாய் நிறையக் கொய்யா.

“தொண்ட அரிக்கி அத்த” என்றார் வெட்கத்தோடு. “இதத் தின்னதும் சரியாப்போச்சு. எங்க வீட்ல எப்பவும் வாழப்பழந்தான். இது நல்லாருக்கு.”

அதற்குள் குற்றாலலிங்கமும் சம்பந்தியும் பின்னால் வந்து நின்றார்கள்.

“மாமா, இந்த மரத்தையா வெட்டப்போறீக?” என்றார் மாப்பிள்ளை.

“யாரு சொன்னா?” என்றார் குற்றாலலிங்கம், கண் சிமிட்டாமல். “மாப்பிள்ளைக்குப் பிடிச்ச மரத்த எவனாவது வெட்டுவானா? அந்த உச்சிக் கொப்புல கெடக்கது இன்னும் நல்லாருக்கும். இருங்க, நான் பறிச்சுத் தாரேன்.”

வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தொரட்டியை எடுத்தார். சபையில் அறிவித்ததைக் கேட்டிருந்த சம்பந்தி, மரியாதைக்காக வானத்தைப் பார்த்தார்.

பிரேமலதாவுக்கு மரம் பிழைத்ததில் சந்தோஷம்தான். சந்தோஷத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் கெஞ்சியது காதில் ஏறவில்லை. மாலை வாடாத ஒரு பையன் வாயில் கொய்யாவோடு சொன்னது உடனே ஏறிவிட்டது. மகள் பத்மப்ரியாவைக் கதவோரம் இழுத்துப் போனாள்.

“ஏட்டி, இங்கன வா. ஒம் மாப்பிள்ளைக்குப் பப்பாளின்னாலும் உசிருன்னு அப்பா காதுல பைய போடு.”

“அவுகளுக்குப் பப்பாளி வாடையே ஆகாதும்மா.”

“இனிமே ஆகும்னு சொல்லு. எனக்கு வேணும்னு நானா கேக்க முடியும்?”